பட்டியலில் பெயர் இருக்கலாம், அதிகாரம் வேறெங்கோ இருக்கலாம்

கூட்டாட்சி நாட்டில் ஒரு சட்டத்தை இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கா, மாநில அரசுக்கா என்று பார்ப்பவர்கள், அதைப் பிரித்துக் காட்டும் அரசமைப்பின் பட்டியலைப் புரட்டுவார்கள். தலைப்பு கிடைத்ததும் மூடிவிடுவார்கள். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

கையிலிருக்கும் பதிப்பின் ஆண்டை முதலில் பாருங்கள். இந்தியாவில் கல்வியும் காடுகளும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து, இரண்டு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போயின.

பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரம் அமெரிக்காவில் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு. இந்தியாவிலும் கனடாவிலும் மத்திய அரசுக்கு. ஆனால் கனடாவில் ‘சொத்தும் குடிமை உரிமைகளும்’ என்ற மாகாணத் தலைப்புக்கு நீதிமன்றங்கள் விரிந்த பொருள் கொடுத்ததால், அந்த எச்சம் வெகுவாகச் சுருங்கியது.

இரண்டு அரசுகளும் ஒரே பொருளில் சட்டம் போட்டால்? மத்திய சட்டமே வெல்லும் என்பது பாதி உண்மை. ஆஸ்திரேலியாவின் 109ஆவது பிரிவின்படி மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்கு மட்டுமே செல்லாது. முழுச் சட்டமும் விழுவதில்லை. இந்தியாவில் பொதுப் பட்டியல் பொருளில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்கும், நாடாளுமன்றம் பின்னர் வேறு சட்டம் இயற்றாதவரை. ஜெர்மனியில் 2006 சீர்திருத்தத்துக்குப் பின் இயற்கைப் பாதுகாப்பு போன்ற சில பொருள்களில், பிந்தி வந்த சட்டமே செல்லும்.

இயற்றுபவரே நிறைவேற்றுவார் என்றும் எண்ண வேண்டாம். ஜெர்மனியில் கூட்டரசுச் சட்டங்களில் பெரும்பாலானவற்றை மாநில அலுவலகங்களே நடைமுறைப்படுத்துகின்றன. மனுவைத் தலைநகருக்கு அனுப்பிக் காத்திருப்பது வீண்.

எல்லாவற்றையும்விட வலிமையானது பணம். ஆஸ்திரேலிய மாநிலங்கள் சட்டப்படி இன்றும் வருமான வரி விதிக்கலாம், எதுவும் விதிப்பதில்லை. 1942இல் மத்திய அரசு தன் வரியை மிக உயர்த்தி, சொந்த வரியைக் கைவிடும் மாநிலங்களுக்கு மானியம் என்றது. அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அரசமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை!

அமெரிக்காவிலும் இதே உத்திதான்: மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் சிறு பங்கு பிடித்தம். 1987இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. 2012இல், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கெய்டை விரிவாக்காவிட்டால் அந்தத் திட்டத்தின் பழைய நிதி முழுவதையும் நிறுத்தலாம் என்ற நிபந்தனையை மட்டும், இது வற்புறுத்தல் என்று தடுத்தது. ஆகவே மானிய ஆணையைப் படிக்கும்போது, நிபந்தனையை மீறினால் போவது புதிய பணம் மட்டுமா, பழையதும் சேர்த்தா என்பதைத் தேடிப் பாருங்கள்.