கழுவிய விந்தணுவுக்கும் ஹெச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும்

"எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு. எங்களுக்குன்னு ஒரு குழந்தைக்கு ஆசைப்படலாமா மேடம்?" அவர் கேட்டபோது, பக்கத்தில் மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

தாராளமாக ஆசைப்படலாம். ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் ஆறு மாதமாகக் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால், உடலுறவால் மனைவிக்குத் தொற்று பரவாது. இயல்பாகவே கருத்தரிக்கலாம். வைரஸ் இன்னும் அடங்காதவர்களும் விந்தணுக் குறைபாடு உள்ளவர்களும்தான் எங்கள் கருத்தரிப்பு ஆய்வகத்துக்கு வருகிறார்கள்.

ஹெச்.ஐ.வி. இருப்பது விந்துத் திரவத்திலும் அதில் கலந்துள்ள வெள்ளை அணுக்களிலும். வைரஸ் வழக்கமாகப் பற்றிக்கொள்ளும் சிடி4 ஏற்பி விந்தணுவில் இல்லை. இதை வைத்துத்தான் இத்தாலியின் மிலானில் செம்ப்ரினி குழுவினர் விந்தணுவைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தினார்கள். 1992-ல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளியானது.

கழுவுவது இப்படித்தான்: குழாயில் அடர்த்தி கூடிய கரைசல் கீழே, குறைந்தது மேலே. அதன்மேல் விந்துவை ஊற்றிச் சுழற்றினால், நல்ல விந்தணுக்கள் அடியில் சின்ன வெண்புள்ளியாகப் படியும். வெள்ளை அணுக்கள் மேலடுக்கிலேயே தங்கிவிடும். அந்தப் புள்ளியை எடுக்கும்போது குழாயின் சுவரில் ஒட்டிய ஒரு துளி கூட வந்தாலும் போச்சு, வைரஸும் சேர்ந்தே வரும். எவ்வளவு கைதேர்ந்தவர் கழுவினாலும் சில மாதிரிகளில் வைரஸ் மிஞ்சுகிறது. அதனால்தான் கழுவியதில் ஒரு பங்கை, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பிவிட்டு, மீதியைத் திரவ நைட்ரஜனில் தனியாக உறையவைக்கிறோம். முடிவு வராமல் அதைத் தொடுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விந்துவில் உள்ள சில பொருள்கள் பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும். வைரஸ் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரும். சோதனை ஒழுங்காக ஓடியதா என்று காட்டும் உள்கட்டுப்பாட்டு மாதிரி கூடவே ஓட வேண்டும். வெளி ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்த அறிக்கையில் அந்த மாதிரியைப் பற்றிய வரியே இல்லை. திருப்பி அனுப்பி, மறுபடி சோதிக்கச் சொன்னேன். தம்பதிக்கு ஒரு மாதம் தள்ளிப்போனது, வருத்தம்தான். ஆனால் அந்தத் தாளை நம்பி ஒரு பெண்ணின் கருப்பைக்குள் செலுத்த எனக்கு மனம் வரவில்லை.

ரத்தத்துக்கான ராபிட் கிட்டில் விந்துவைச் சோதிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அது ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைத் தேடும் கருவி.

ஹெச்.ஐ.வி. என்றதும் முகம் சுளித்து அனுப்பிவிடும் இடங்கள் இன்னும் உண்டு. 2017-ம் ஆண்டின் ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. யாராவது மறுத்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திலும் கேட்கலாம்.