பாய்லர்பிளேட்: தமிழில் வார்ப்பு நிரல்

சேலத்தில் பத்திரம் எழுதுபவர் எவரிடமாவது பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெயர்கள், சர்வே எண், நான்கெல்லை, தொகை, இவ்வளவுதான் புதிது. "யாதொரு வில்லங்கமும் இல்லை" வகையறா வாசகமெல்லாம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கும் அஸ்தம்பட்டி வீட்டுக்கும் ஒன்றேதான். இப்படி மாறாமல் திரும்பத் திரும்ப வரும் பகுதிக்கு ஆங்கிலப் பெயர் பாய்லர்பிளேட்.

நீராவிக் கொதிகலன் செய்யும் கனத்த தகடு என்பதே சொல்லின் முதற்பொருள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் கட்டுரைகளை உலோகத் தகடாக வார்த்துச் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். எழுத்துக் கோக்கும் வேலையே இல்லை, வந்ததை அப்படியே அச்சில் ஏற்றலாம். பெயர் அந்தத் தகடுகளுக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒப்பந்த வாசகங்களுக்கும், கடைசியில் கணினி நிரலில் இப்படித் திரும்ப வரும் பகுதிகளுக்கும் வந்து சேர்ந்தது.

'கொதிகலன் தகடு' என்று பெயர்த்தால், உருக்காலை இருக்கும் சேலத்தில் வேறு பொருள்தான் தோன்றும். வார்ப்புரு என்பாரும் உண்டு, ஆனால் அது டெம்பிளேட். வார்ப்புரு அச்சு என்றால், அதிலிருந்து விழுவது வார்ப்பு. ஆகவே 'வார்ப்பு நிரல்' என்பதே என் தேர்வு. பழைய அச்சுத் தகடும் வார்த்ததுதானே.

ஜாவா என்னும் நிரல்மொழியில் பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு என 5 புலங்கள் கொண்ட முகவரி வகுப்பை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எடுக்க ஒரு செயற்கூறு, வைக்க ஒன்று, தலைக்கு 3 வரி: ஆக 30 வரி. யோசித்து எழுதியது ஒன்றுகூட இல்லை. பின்னர் மாற்றத் தேவையில்லாத தரவு என்றால், 2021-இல் வந்த ஜாவா 16-இன் ரெக்கார்ட் என்னும் சுருக்க வகுப்பில் ஒரே வரி போதும்.

ஒரு மென்பொருள் திட்டத்தில் வார்ப்பு நிரல் எவ்வளவு என்று அளக்க, பிஎம்டியின் சிபிடி போன்ற கருவிகள் நிரலைச் சொற்கூறுகளாக உடைத்து, ஒத்த தொடர்களைத் தேடும். மாறிப் பெயர்களைப் புறக்கணிக்கச் சொன்னால்தான் மேற்படி 30 வரியும் வசமாகச் சிக்கும். சுருக்கமான வழி, மூலக்கோப்புகளை ஒன்றாக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் கருவியால் சுருக்கிப் பார்ப்பது: திரும்ப வருவது அதிகமானால் அதிகம் சுருங்கும். அதற்கு ஜீசிப் என்னும் கருவி வேண்டாம், அது முந்தைய 32 கிலோபைட்டுக்குள் வந்ததை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். பெரிய திட்டத்துக்கு எக்ஸ்இசட் என்னும் கருவி சரி. இரண்டு திட்டங்களை ஒப்பிட்டால் ஒரே மொழியில் எழுதியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். அடைப்புக்குறியும் காற்புள்ளியும்கூடச் சுருங்கத்தான் செய்யும், அவை வார்ப்பு நிரல் ஆகா.