வாக்கி டாக்கி வாங்கும் முன்: லைசென்ஸ் யாருக்கு வேண்டும், எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

கோயில் திருவிழாவில் கூட்டம் பார்க்கும் தொண்டர்களுக்காக ஆன்லைனில் பத்து செட் வாங்குகிறார்கள். தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டும் அறக்கட்டளை வாங்குகிறது. கல்குவாரி, நூற்பாலை, கல்யாண மண்டபம், அடுக்ககச் செக்யூரிட்டி என எல்லோரும் வாங்குகிறார்கள். இதற்கு லைசென்ஸ் என்று ஒன்று உண்டு என்பதே, யாராவது வந்து கேட்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. அப்போது விற்றவர் பக்கத்தில் இருப்பதில்லை. பதில் சொல்ல வேண்டியவர் செட்டைக் கையில் வைத்திருப்பவர்.

ஏனென்றால் நம் நாட்டில் ரேடியோ செட்டைப் பயன்படுத்துவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும். 1933ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதையே சொல்கிறது. அனுமதி தருவது ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் அலைவெண்களை ஒதுக்கும் டபிள்யூபிசி பிரிவு. மாநில அரசு தராது, கலெக்டர் அலுவலகம் தராது, காவல் நிலையம் தராது. திருவிழாவுக்கு முன் இன்ஸ்பெக்டரிடம் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம் என்பார்கள். அந்தக் கடிதம் பந்தோபஸ்துக்கு உதவும், செட்டுக்கு லைசென்ஸ் ஆகாது.

முதல் கேள்வி: உங்களுக்கு லைசென்ஸ் தேவையா?

எல்லா செட்டுக்கும் தேவையில்லை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்ன அலைவரிசைக்கு 2018ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் விலக்கு உண்டு. அந்த வரிசைக்குள் மட்டும் வேலை செய்யும்படி செய்யப்பட்ட, குறைந்த திறன் கொண்ட, இடிஏ எனப்படும் மாடல் ஒப்புதல் பெற்ற செட் என்றால் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தலாம். விண்ணப்பமும் வேண்டாம், ஆண்டுக் கட்டணமும் வேண்டாம். ஒரு மண்டபத்துக்கோ, ஒரு பள்ளி வளாகத்துக்கோ இதுவே போதும். இந்த வகை செட்டுகள் பொதுவாக அரை வாட்தான். கான்கிரீட் கட்டடத்துக்குள் சில நூறு மீட்டர், தடையில்லாத மைதானத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பேசலாம். பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள்.

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த விலக்கின் பெயரைச் சொல்லித்தான். 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் ஐந்து வாட் செட்டைக் கொடுத்துவிட்டு, '446-இல் புரோகிராம் பண்ணித் தந்துட்டேன் சார், லைசென்ஸ் வேண்டாம்' என்கிறார்கள். தவறு. சேனலை 446-இல் போட்டுவிட்டதால் செட் விலக்குக்குள் வந்துவிடாது. செட்டின் அமைப்பும் திறனுமே அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். எந்தக் கணினியிலும் கேபிளைச் செருகி வேறு அலைவெண்ணுக்கு மாற்றக்கூடிய ஐந்து வாட் செட், லைசென்ஸ் வேண்டிய செட்டுதான்.

வாங்கும் முன் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண், வரிசை எண், பல செட்டுகளில் அலைவரிசையும் இருக்கும். அங்கே 136–174 என்றோ 400–470 என்றோ கண்டால் பேச்சை நிறுத்திவிடலாம். ஆன்டெனாவைத் திருகிக் கழற்ற முடிகிறதா? அதுவும் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. டிஜிட்டல் செட் என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் ரேடியோ தரநிலையில் 'டயர் 1' என்பது லைசென்ஸ் இல்லாத 446 வகை. 'டயர் 2', 'டயர் 3' இரண்டும் லைசென்ஸ் பெற்றவர்களுக்கானவை. கடையில் டிஜிட்டல் என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி டயர் 2.

'இடிஏ சர்டிபிகேட் இருக்கு, பயமில்லாம வாங்குங்க' என்பது அடுத்த பொறி. இடிஏ என்பது அந்த மாடலுக்கான ஒப்புதல். இந்த வடிவமைப்பை இந்தியாவில் விற்கலாம் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. விலக்கு வரிசைக்கு வெளியே ஓடும் செட்டுக்கு இடிஏ இருந்தாலும், அதை வைத்திருக்க உங்கள் பெயரில் தனி லைசென்ஸ் வேண்டும். சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் லேபிளில் உள்ள மாடல் எண்ணும் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு மாடல்களில் ஒன்றுக்கு மட்டும் ஒப்புதல் இருப்பது சாதாரணம்.

விலை மலிவான 136–174 செட்டுகளில் வேறு ஆபத்தும் இருக்கிறது. கடலில் மீனவர்கள் ஆபத்துக்கு அழைக்கும் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், இந்த வரம்புக்குள்தான் வருகிறது. கடற்கரை விடுதி ஒன்றின் செக்யூரிட்டி தெரியாமல் அதில் கார் பார்க்கிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், உதவி கேட்கும் படகின் குரல் அடிபட்டுப் போகும். லைசென்ஸ் கேட்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அதை வாங்கும் வழியை இவ்வளவு சுற்றலாக வைத்திருப்பதற்குத்தான் காரணம் தெரியவில்லை.

ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோவுக்கான அமெச்சூர் லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயரில் ஓட்டிக்கொள்ளலாம் என்பது பலர் சொல்லும் யோசனை. கூடாது. அமெச்சூர் லைசென்ஸ் தொழிலுக்கு, காவலுக்கு, நிகழ்ச்சி நிர்வாகத்துக்கு அல்ல. நீங்கள் மாட்டினால் அவருடைய லைசென்ஸும் போகும்.

வாடகை செட்டிலும் இதே கதைதான். 'எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது' என்று ஒரு நகலைக் காட்டுவார்கள். அது சொந்தப் பயன்பாட்டு லைசென்ஸ் என்றால், அந்த நிறுவனம், அந்த எல்லை, அந்த செட்டுகள், அவ்வளவுதான். உங்கள் ஊர் மண்டபத்துக்கு அது செல்லாது. ஒருநாள் நிகழ்ச்சிக்கு வாடகை எடுப்பவர்கள் 446 செட்டைக் கேட்டு வாங்குவதே பத்திரம்.

சிம் போட்ட வாக்கி டாக்கி வேறு ரகம். 'லைசென்ஸ் வேண்டாம், இந்தியா முழுக்கப் பேசலாம்' என்று விற்பது இதைத்தான். அது மொபைல் நெட்வொர்க்கில் ஓடுவதால் உங்களுக்குத் தனி அலைவெண் வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் டவர் விழுந்தால் செட்டும் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப்போட்டபோது மின்சாரமும் போனது, செல்போனும் போனது. ஆம்புலன்ஸ், தீயணைப்புக் குழு, ஆலையின் அவசரக்கால அணி ஆகியவை இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. செட்டிலிருந்து செட்டுக்கு நேராகப் பேசும் ரேடியோ தேவைப்படுவதே அந்த நாளுக்காகத்தான்.

லைசென்ஸ் வேண்டும் என்றால்

விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். இந்தியில் சரல் என்றால் எளிது; பெயர் அப்படி என்றாலும் பாதை அத்தனை எளிதல்ல. முதலில் அலைவெண் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம், பிறகு கொள்கை அளவில் ஒப்புதல், கட்டணம், அதன் பின் செட் வாங்கி வரிசை எண்களைக் கொடுத்து இயக்க லைசென்ஸ். கூரைமேல் நிலையான ஆன்டெனா வைத்தால் சாக்ஃபா எனப்படும் இட ஒப்புதலும் சேரும். கைச்செட்டுகள் மட்டும் போதும் என்றால் இந்தச் சாக்ஃபா சுற்று மிச்சம். ஐந்தாறு ஏக்கர் ஆலைக்கு பேஸ் ஸ்டேஷன் வேண்டும் என்று விற்பனையாளர் சொல்வதை இதற்காகவே ஒருமுறை யோசித்துக் கேளுங்கள்.

ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் முன் செட்டுக்கு முழுப் பணம் கொடுக்காதீர்கள். 'ஸ்டாக் தீர்ந்துடும்' என்பார்கள். நீங்கள் 400 வரிசையில் செட் வாங்கி வைத்துவிட்டு, ஒதுக்கீடு 150 வரிசையில் வந்தால் செட்டுகள் பெட்டியிலேயே கிடக்கும். வாங்கும்போது விற்பவர் டீலர் உரிமம் உள்ளவரா என்று பாருங்கள், பில்லில் ஒவ்வொரு வரிசை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

கட்டணம் மூன்று எண்களைப் பெருக்கி வருகிறது: பேசும் எல்லையின் தூரத்துக்கு ஒன்று, அலைப்பட்டையின் அகலத்துக்கு ஒன்று, அலைவெண்களின் எண்ணிக்கைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பணம் வீணாகிறது. ஆலை ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாவட்டம் முழுக்க எல்லை கேட்பார்கள். செட்டில் 16 சேனல் இருக்கிறது என்பதற்காக 16 அலைவெண் கேட்பவர்களும் உண்டு. பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பித் தூரத்தைக் கூட்டும் ரிப்பீட்டர் வைத்தால் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என ஜோடியாகப் போகும். ஒன்று இரண்டாகக் கணக்கில் ஏறும்.

டிஜிட்டல் செட் வாங்குபவர்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய சலுகை இங்கேதான் இருக்கிறது. டிஎம்ஆர் செட் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலை இரண்டு நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒரே அலைவெண்ணில் இரண்டு பேச்சை நடத்தும். செக்யூரிட்டிக்கு ஒரு துண்டு, பராமரிப்புப் பிரிவுக்கு ஒன்று. ஆகவே இரண்டு அலைவெண் கேட்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும். ரிப்பீட்டர் இல்லாமல் இப்படி ஓட, நேரடி முறையில் இரட்டைப் பேச்சு வசதி உள்ள மாடலா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் படிவத்தை நிரப்புகிறவர் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து அப்படியே நகலெடுப்பார். அலைவகைக் குறியீட்டில் '16கே0எஃப்3இ' என்று எழுதிவிடுவார். அது பழைய 25 கிலோஹெர்ட்ஸ் அனலாக் குரலின் குறியீடு. டிஎம்ஆருக்கு எழுத வேண்டியது '7கே60' என்று தொடங்கும் குறியீடு. உங்கள் செட்டின் இடிஏவில் உள்ளதையே எழுதுங்கள். தவறாக எழுதினால் ஒன்று விண்ணப்பம் திரும்பி வரும், இல்லையென்றால் பயன்படுத்தாத அகலத்துக்குக் காலம் முழுக்கக் கட்டணம் கட்டுவீர்கள்.

அலையவிடும் இடங்கள்

இடத்தின் ஆயத்தொலைவில்தான் அதிகப் பேர் தடுக்கி விழுகிறார்கள். போன் வரைபடம் 13.05 என்று காட்டும். படிவம் டிகிரி, நிமிடம், விநாடி கேட்கும். அதை 13 டிகிரி 05 நிமிடம் என்று எழுதினால் தவறு, 13.05 என்பது 13 டிகிரி 03 நிமிடம். அந்த இரண்டு நிமிட வித்தியாசம் தரையில் 3.7 கிலோமீட்டர். உங்கள் ஆன்டெனா காகிதத்தில் பக்கத்து ஊர் ஏரிக்குள் நிற்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்குங்கள், எழுதியதைத் திரும்ப வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

பெயர் அடுத்தது. பான் அட்டையில் ஒரு மாதிரி, ஜிஎஸ்டியில் ஒரு மாதிரி, அறக்கட்டளைப் பத்திரத்தில் 'ஸ்ரீ' சேர்த்து ஒரு மாதிரி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார்கள். ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் கோப்பு நிற்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஏஜென்டிடம் கொடுப்பவர்கள் ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது: கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் மொபைல் எண்ணிலும் திறக்கப்பட வேண்டும். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் துறை கேட்கும் விளக்கம் அவருக்குப் போகும், கட்டண அறிவிப்பு அவருக்குப் போகும். அடுத்த ஆண்டு அவர் போனை எடுக்காவிட்டால் உங்கள் லைசென்ஸ் உங்களுக்கே தெரியாமல் காலாவதியாகும். கட்டணத்தையும் அவர் கணக்கில் போடாமல் நீங்களே பாரத்கோஷ் என்ற ஒன்றிய அரசின் கட்டணத் தளம் வழியாகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை தளத்தில் நுழைந்து ஏதாவது கேள்வி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்பு நகரவில்லையா? சென்னை அலுவலகத்தில் கேட்டால் டெல்லி என்பார்கள், டெல்லியில் சென்னை என்பார்கள். நேரில் அலைவதைவிட எழுத்தில் கேட்பது பலன் தரும். ஒன்றிய அரசின் சிபிகிராம்ஸ் தளத்தில் புகார் போடுங்கள். 21 நாளில் தீர்க்க வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ. 'ஏன் தாமதம்' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். 'இந்த எண்ணுள்ள என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்த அதிகாரியின் மேசைக்குப் போனது, இன்று யாரிடம் இருக்கிறது, குறிப்புரைகளின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

லைசென்ஸ் வந்த பின் அதில் உள்ள அலைவெண், திறன், கலர் கோடு ஆகியவற்றை மட்டும் செட்டில் ஏற்றச் சொல்லி, கீபேடில் அலைவெண் மாற்றும் வசதியைப் பூட்டிவிடுங்கள். கலர் கோடு என்பது மற்றவர் பேச்சு உங்கள் செட்டில் விழாமல் தடுக்கும் எண். லைசென்ஸில் குறிப்பிடாவிட்டால் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். புரோகிராம் கோப்பின் நகலையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு சேனல் மாற்றக்கூட அதே டீலரிடம் போய் நிற்க வேண்டும். பழுதான செட்டுக்குப் பதில் புது செட் வந்தால் வரிசை எண் மாறும். அதையும் லைசென்ஸில் ஏற்ற வேண்டும். புதுப்பிக்கத் தாமதித்தால் அபராதக் கட்டணம் ஏறும். ஆலையை மூடினாலும் லைசென்ஸை எழுதிக் கொடுத்து ஒப்படைக்காதவரை பாக்கி ஓடிக்கொண்டே இருக்கும். பழைய செட்டுகளைக் காயலான் கடைக்குப் போடுவதும், லைசென்ஸ் இல்லாதவருக்கு விற்பதும் புதுச் சிக்கல்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

ஆன்லைனில் வாக்கி டாக்கி விற்பவர்கள் அலைவரிசை, லைசென்ஸ் தேவையா, இடிஏ விவரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவற்றை மறைத்து விற்றிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. செட்டை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, விற்பனைப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; புகார் போன மறுநாள் அந்தப் பக்கம் இருக்காது. 'லைசென்ஸ் வேண்டாம்' என்று எழுதியிருந்தால் அந்த வரி படத்தில் தெளிவாக விழ வேண்டும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

செட்டுகளை யாராவது பறிமுதல் செய்தால், ஒவ்வொரு செட்டின் வரிசை எண்ணும் எழுதப்பட்ட மகஜர் நகலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். 'வாக்கி டாக்கி பத்து' என்று மட்டும் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பில்லில் உள்ள எண்ணும் மகஜரில் உள்ள எண்ணும் ஒன்று என்று காட்ட முடிந்தால்தான் விற்றவரை இந்த விவகாரத்துக்குள் இழுக்க முடியும்.