துறைமுகச் சோதனையும் கடலோடியின் உரிமையும்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், அரக்கோணம் பகுதிகளிலிருந்து பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டுச் சரக்குக் கப்பலில் சேரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் கப்பலேறித் திரும்பிய ஒரு மாமாவோ சித்தப்பாவோ தெருவிலேயே கிடைப்பார். நம் பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை. அந்தக் குறையைப் பயன்படுத்திக்கொண்டுதான் ஏஜென்ட் வீட்டுக்குள் வருகிறார். இவர்களைக் காக்கும் சட்டம் உண்மையிலேயே வலுவானது. ஆனால் அது இருப்பதையே யாரும் இவர்களுக்குச் சொல்வதில்லை.

ஒரு கப்பல் அயல்நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்தால், அந்நாட்டு அரசின் அதிகாரி அதில் ஏறிச் சோதிக்கலாம். கப்பலில் இருப்பவர்கள் இதனைப் பி.எஸ்.சி. (போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல்) சோதனை என்பார்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின், லைஃப் போட், தீயணைப்புப் பம்பு ஆகியவற்றோடு கடலோடியின் ஒப்பந்தம், ஊதியம், ஓய்வு நேரம், உணவு, தங்கும் அறை ஆகியவையும் இந்தச் சோதனைக்கு உட்பட்டவை ஆயின. இந்தியா 2015இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது. குறை கடுமையானதாக இருந்தால், அது சரிசெய்யப்படும் வரை கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு உண்டு. "இது வேறு நாட்டுக் கொடி ஏந்திய கப்பல், அந்தச் சட்டம் இங்கே செல்லாது" என்று கப்பலில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொடி நாடு, அதாவது கப்பல் பதிவு செய்யப்பட்ட நாடு, உடன்படிக்கையை ஏற்காவிட்டாலும், ஏற்றுக்கொண்ட நாட்டின் துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குச் சலுகை கிடையாது.

இந்தப் பாதுகாப்பு உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அவன் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. அவனை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்திடம் ஆர்.பி.எஸ்.எல். எனப்படும் ஆட்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிமத்தை வழங்குவது மும்பையில் உள்ள கப்பல் துறைத் தலைமை இயக்ககம். அதாவது எல்லோரும் டி.ஜி. ஷிப்பிங் என்று குறிப்பிடும் அலுவலகம். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையத் தளத்தில் உள்ளது. ஏஜென்ட் காட்டும் வண்ணச் சான்றிதழை விட்டுவிட்டு, அந்தப் பட்டியலில் உரிம எண்ணையும் பெயரையும் முகவரியையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமம் இன்றைக்கும் செல்லுபடியாகிறதா, இடையில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரை ஒட்டிய பெயரில் அலுவலகம் திறந்திருப்பவர்கள் உண்டு. "அவர்களுடைய கிளை நாங்கள்" என்று சொல்பவரிடம் பேச்சை வளர்க்காமல், பட்டியலில் உள்ள முகவரிக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, சி.டி.சி. எனப்படும் கடலோடிப் பதிவுப் புத்தகம், பாஸ்போர்ட் போன்றவற்றின் செலவு மட்டுமே அவனுடையது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. அப்படியிருந்தும் 'ஜாயினிங்' செலவு என்று இலட்சக் கணக்கில் கேட்கிறார்கள். தாயின் நகையை அடகு வைத்துக் கொடுக்கிறார்கள். பணம் கேட்கப்பட்ட அந்த நிமிடமே அது சட்டவிரோதம் என்பது உறுதி. சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலேற்றுவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவ்வாறு போனவன் பணியில் சேர்ந்ததற்கான பதிவு இயக்ககத்தின் கணக்கில் இருக்காது. பிறகு அவன் சிக்கிக்கொண்டால், அவன் கடலோடி என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டிய நிலை வரும்.

அடுத்த கண்ணி பெயர். நம் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து ஒரே எழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்திருக்கும். ஆதாரில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். பயிற்சிச் சான்று ஒரு பெயரிலும் சி.டி.சி. இன்னொரு பெயரிலும் அமைந்துவிட்டால், விண்ணப்பம் திரும்பி வரும். கப்பலில் ஏறிய அதிகாரியும் சான்றுகளை அடுக்கிப் பார்க்கும்போது கேள்வி எழுப்புவார். இதனைத் திருத்தப் போனால் பள்ளி வட்டாட்சியர் அலுவலகத்தைக் காட்டும், அந்த அலுவலகம் அரசிதழைக் காட்டும், பாஸ்போர்ட் அலுவலகம் மறுபடியும் பள்ளிச் சான்றைக் கேட்கும். ஆகவே பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன்பே, எல்லாத் தாள்களிலும் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்றவற்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவச் சான்றிலும் இதே போன்ற ஏமாற்றம் நேர்கிறது. வேலூரில் பெரிய மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை என்பதால், அங்கே வாங்கிய சான்று போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவமனை எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், கையெழுத்திடும் மருத்துவர் இயக்ககத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லையென்றால் அந்தச் சான்று கடலில் செல்லாது. சான்றின் ஆயுள் அதிகபட்சம் 2 ஆண்டுகள். 18 வயது நிரம்பாதவருக்கு ஓராண்டு. நிறக்குருடு இருக்கிறதா என்பதைப் பயிற்சிக் கட்டணம் கட்டும் முன்பே சோதித்துவிடுங்கள். கட்டணம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகு, "கண் பரிசோதனையில் தேறவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கை விரிப்பவர்களிடமிருந்து பணத்தை மீட்பது மிகக் கடினம்.

ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், பிறரிடம் ஆலோசனை கேட்கவும் கையெழுத்துக்கு முன் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. கையெழுத்தான மூலப்படி ஒன்று கடலோடியின் கையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. நடப்பது என்னவென்றால், விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்திக் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்குகிறார்கள். கப்பலில் ஏறியதும் குறைந்த சம்பளம் எழுதிய இன்னொரு தாளை நீட்டுகிறார்கள். முதல் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டே கிளம்ப வேண்டும். பாஸ்போர்ட், சி.டி.சி., பயிற்சிச் சான்றுகள் ஆகியவற்றின் படங்களும் வீட்டில் இருக்கட்டும்; கப்பலில் மூலங்கள் கேப்டனிடம் இருக்கும்.

இனி சோதனை நாள். அதிகாரி சான்றிதழ்களைப் பார்த்து முடித்தபின் கப்பலைச் சுற்றி வருவார். அவசரத் தீயணைப்புப் பம்பை இயக்கச் சொல்வார், லைஃப் போட்டை இறக்கிக் காட்டச் சொல்வார், வழியில் நிற்கும் ஒரு சாதாரணப் பணியாளரிடம், "அபாய மணி அடித்தால் நீ எங்கே போக வேண்டும், உன் வேலை என்ன?" என்று கேட்பார். விடை, அவசரகாலப் பணிப் பட்டியலான மஸ்டர் லிஸ்டில் உள்ளது. சேர்ந்த முதல் நாளே அதில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ளதைப் படித்து, அந்த இடத்துக்கு நடந்து சென்று பார்த்துவிட வேண்டும். கப்பலை விட்டு வெளியேறும் பயிற்சியிலும் தீயணைப்புப் பயிற்சியிலும் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறையாவது பங்கேற்க வேண்டும். அடைபட்ட அறைக்குள் நுழைந்து மீட்கும் பயிற்சி 2 மாதத்துக்கு ஒருமுறை. நடக்காத பயிற்சி நடந்ததாகப் பதிவேட்டில் இருந்தால், பணியாளரின் தடுமாற்றத்திலேயே அது வெளிப்பட்டுவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். பொய்யை மட்டும் சொல்ல வேண்டாம்.

ஓய்வு நேரப் பதிவைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரமும், எந்த 7 நாளிலும் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். ஒரு நாள் ஓய்வை 2 பகுதிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அவற்றில் ஒன்று 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சோதனை நெருங்கும்போது, விதிக்குப் பொருந்தும்படி முன்கூட்டியே நிரப்பிய தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கும் பழக்கம் சில கப்பல்களில் உண்டு. அன்றைக்கு அது ஒரு சிறு உதவி போலத் தோன்றும். நாளைக்குத் தூக்கக் கலக்கத்தில் விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும்போது, "போதிய ஓய்வு பெற்றேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியாக அது நிறுவனத்தின் கோப்பில் இருக்கும். பதிவின் நகல் ஒன்று உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்பது விதி, கேட்டு வாங்குங்கள். உண்மையான நேரத்தைத் தனியே ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதி வையுங்கள்.

முறையீடு செய்ய விரும்பினால், துறைமுகத்தில் கப்பலேறும் அதிகாரியிடமே சொல்லலாம். சொன்னவரின் பெயரை வெளியிடாமல் காக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு, முறையிட்டவரைப் பழிவாங்குவதும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் பெரும்பாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கேப்டனிடம் சொன்னீர்களா?" என்பதே. வாய்ப்பேச்சாகச் சொன்னதற்குச் சான்று இராது. எனவே தேதியிட்டு எழுதிக் கொடுத்து, அதனைப் படமெடுத்து வைத்திருங்கள். கேப்டனே பிரச்சினையாக இருந்தால், அவரைத் தாண்டி நேரே வெளியே முறையிடவும் உரிமை உண்டு. கப்பலின் முறையீட்டு நடைமுறைத் தாளில் யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரம் இருக்க வேண்டும். அந்தத் தாளை ஒப்பந்தத்தோடு சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

சம்பளம் நின்றுபோகும் கப்பல்களில் காலத் தாமதமே பெரும் எதிரி. 2 மாதச் சம்பளம் நிலுவையானாலே அது கைவிடப்பட்ட நிலையாகக் கருதப்படும். அப்போது உணவுக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் பொறுப்பேற்கும் காப்புறுதிச் சான்று கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதிலுள்ள காப்பீட்டாளரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் சேர்ந்த வாரமே படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தக் காப்புறுதி ஏற்கும் சம்பள நிலுவை 4 மாதம் வரைதான். "அடுத்த துறைமுகத்தில் தருகிறோம்" என்ற சொல்லை நம்பி எட்டு மாதம் பொறுத்திருப்பவருக்கு, மீதி 4 மாதத்தைப் பெற வேறு போராட்டம் தேவைப்படும்.

வீட்டில் இருப்பவர்கள் இந்த நேரத்தில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், அரக்கோணத்துக்காரரை இராணிப்பேட்டைக்கும் ஆம்பூர்க்காரரைத் திருப்பத்தூருக்கும் போகச் சொல்வார்கள். அந்த மனு துறை துறையாக நகர்ந்து மும்பைக்குப் போய்ச் சேரும் வரை கப்பலில் இருப்பவன் என்ன சாப்பிடுவான்? மனு கொடுங்கள், ஆனால் அதே நாளில் டி.ஜி. ஷிப்பிங்குக்கும், ஆள் அனுப்பிய நிறுவனத்துக்கும், கப்பல் நிற்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்துக்கும், ஐ.டி.எஃப். எனப்படும் பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்துக்கும் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர் இணையத் தளத்திலும் பதிவு செய்யுங்கள். கப்பலின் பெயர், அதன் 7 இலக்க ஐ.எம்.ஓ. அடையாள எண், நிற்கும் துறைமுகம், சி.டி.சி. எண், நிலுவை மாதங்கள் ஆகியவை முதல் வரியிலேயே இருக்க வேண்டும். கப்பல் பெயர் மாறக்கூடும், ஐ.எம்.ஓ. எண் மாறாது.

ஏஜென்ட் மீது புகார் கொடுக்கக் காவல் நிலையம் போனால், "அவர் அலுவலகம் சென்னையில்தானே, அங்கே போய்க் கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். அந்தப் பிரிவின் எண்ணை மனுவிலேயே எழுதி, வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்திகளையும் அச்செடுத்து இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்கிய பிறகே நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள்.