டாக்டராக நினைக்கும் பிள்ளைக்கு எலெக்டிவ் பாடம் எதற்கு?

இங்கே வட கரோலினாவில் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிக்குப் போனால், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்திருக்கும் பெற்றோர் யாராவது வந்து கேட்காமல் இருப்பதில்லை. "பொண்ணு ப்ரீ-மெட். எலெக்டிவுக்கு ஈஸியா ஏ கிரேடு வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்" என்பார்கள். ப்ரீ-மெட் என்றால் மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் இளநிலை மாணவர்; எலெக்டிவ் என்றால் கட்டாயமில்லாமல் மாணவரே தேர்ந்தெடுக்கும் பாடம். வேறு சிலர், "எலெக்டிவெல்லாம் எதுக்கு, இன்னும் நாலு பயாலஜி கோர்ஸ் எடுத்தா நல்லதுதானே?" என்பார்கள். நான் இன்டர்னல் மெடிசின் டாக்டர். வார்டில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், சேர்க்கைக்கு விண்ணப்பிப்பவர்களை நேர்காணலும் செய்கிறேன். இந்த இரண்டு வழியில் எதில் போனாலும் பிள்ளைகளுக்கு இழப்புதான்.

பெற்றோரைக் குறை சொல்லவில்லை. நம்மில் பலர் ப்ளஸ் டூவில் ஒரு குரூப் எடுத்து, மார்க் வாங்கி, நேரே எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள், அல்லது அப்படிச் சேர்ந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கிற வேலை நமக்கு வந்ததே இல்லை. அமெரிக்காவில் நான்கு வருடம் இளநிலைப் பட்டம், அதற்குப் பிறகு நான்கு வருடம் மருத்துவக் கல்லூரி. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்பது ஆய்வகத்தோடு ஒரு வருட உயிரியல், ஒரு வருடப் பொது வேதியியல், ஒரு வருட ஆர்கானிக் (கரிம வேதியியல்), ஒரு வருட இயற்பியல், அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, கொஞ்சம் கணிதம், ஆங்கிலம். பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள்) வேண்டும். மேலே சொன்னதெல்லாம் சேர்ந்தாலும் அதில் பாதி வராது.

எந்த மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) இருந்துகொண்டும் இந்தக் கட்டாயப் பாடங்களை முடிக்கலாம். வரலாறோ தத்துவமோ படித்தால் இடம் கிடைக்காது என்ற பயம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி, எந்த மேஜரிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற அட்டவணையை வருடாவருடம் வெளியிடுகிறது. இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளிலிருந்து வருகிறவர்களின் சேர்க்கை விகிதம் உயிரியல் மாணவர்களை விடக் குறைவாக இல்லை. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987-லேயே இலக்கியம், வரலாறு படிக்கிறவர்களுக்கென்று தனி வழி திறந்தது. ஆர்கானிக்கும் இயற்பியலும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டும் இல்லாமலே அவர்களைச் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு ஆராய்ந்தபோது, மருத்துவப் படிப்பில் அவர்கள் மற்றவர்களுக்குச் சளைத்தவர்களாக இல்லை.

சரி, எதைத்தான் எடுப்பது? என்னைக் கேட்டால், முதல் இடம் புள்ளியியலுக்கு. கால்குலஸ் இரண்டாம் பாகத்துக்கும் புள்ளியியலுக்கும் நடுவே தயங்கும் பிள்ளையிடம், சேர நினைக்கும் கல்லூரி கால்குலஸ் கேட்கவில்லை என்றால் யோசிக்காமல் புள்ளியியல் எடு என்றுதான் சொல்வேன். ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் நோய் ஒன்று. அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை. நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு அது தவறாகப் 'பாசிட்டிவ்' காட்டும். உங்களுக்குப் பாசிட்டிவ் வந்தால், உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978-ல் ஹார்வர்டின் போதனா மருத்துவமனைகளில் மாணவர்களும் டாக்டர்களுமாக 60 பேரிடம் இதைக் கேட்டார்கள். பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் 95 சதவீதம் என்றார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

கணக்குப் போட்டால் எளிதுதான். ஆயிரம் பேரில் நோய் உள்ளவர் ஒருவர், மிச்சம் 999 பேர். அதில் 5 சதவீதம் என்றால் சுமார் 50 பேருக்குப் பொய்யான பாசிட்டிவ். ஆக 51 பாசிட்டிவில் நிஜம் ஒன்றே ஒன்று, அதாவது சுமார் 2 சதவீதம். இதை ரத்தத்தில் ஊற வைத்துக்கொள்ளாத டாக்டர், ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவரை மாதக்கணக்கில் தூங்கவிடாமல் செய்துவிட முடியும். மார்பக ஸ்கிரீனிங்கில் மறுபடி வரச்சொல்லி அழைப்பு வந்ததும் அழுதுகொண்டே வருகிற பெண்களிடம் நான் பேசுவது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான். இன்னொரு லாபமும் உண்டு. எம்டி (இங்கே மருத்துவக் கல்லூரியில் தரும் பட்டம்) விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்துத் தனியாக ஒரு ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) போடுவார்கள். புள்ளியியல் அதில் கணிதமாகவே சேரும்.

அடுத்தது, கடினமான உரைநடையை வாசித்து எழுதவைக்கும் ஒரு பாடம். தத்துவம், நெறியியல், வரலாறு எதுவாகவும் இருக்கலாம். எம்கேட்டில் கார்ஸ் என்ற வாசிப்புப் பகுதி இருக்கிறது: 90 நிமிடம், 53 கேள்விகள். அதில் அறிவியலே வராது. கலை, அரசியல், தத்துவம் பற்றிய பத்திகளைக் கொடுத்து, எழுதியவர் என்ன சொல்கிறார், எதை அனுமானித்துச் சொல்கிறார் என்று கேட்பார்கள். மற்ற பகுதிகளில் பிரமாதமாக மார்க் வாங்கும் நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மூன்று மாதக் கோச்சிங்கில் இந்தத் திறமை வந்துவிடாது. வாரம் ஒரு கட்டுரை எழுதி, பேராசிரியர் சிவப்பு மையில் கிழித்துத் தர, திருத்தி எழுதித்தான் வரும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் எம்கேட்டில் இந்தக் கார்ஸ் மதிப்பெண்ணை மட்டும்தான் பார்க்கிறது. டொரன்டோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். 2015-லிருந்து எம்கேட்டில் உளவியலும் சமூகவியலும் ஒரு முழுப் பகுதியாகிவிட்டன. அதனால் அவற்றில் ஆளுக்கொரு அறிமுகப் பாடம் எடுப்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மேல் உள்ள இடத்தைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி இளநிலையில் தென் மாநிலங்களின் தொழிலாளர் வரலாறு படித்தவள். வார்டில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர், பல வருட இருமல், மூச்சிரைப்பு. புகைப்பழக்கத்தால் வந்த நுரையீரல் நோய் என்று ஃபைலில் எழுதியிருந்தது. அவர் புகைத்ததோ இளமையில் கொஞ்ச நாள்தான். என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவள் கேட்டாள். பஞ்சாலை என்றார். எந்தப் பகுதி? கார்டிங், அதாவது பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் பகுதி. லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகுமா? அவர் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் அடையாளம் அந்தத் திங்கட்கிழமை இறுக்கம். தூசிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததே 1978-ல்தான், அதற்கு முன்பே அவர் மில்லில் சேர்ந்துவிட்டார். சிகிச்சை பெரிதாக மாறவில்லை. ஆனால் தன் நோய்க்குக் காரணம் தானே தேடிக்கொண்ட பழக்கம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோவைப் பக்கம் மில் தொழிலாளர்கள் நடுவே வளர்ந்த எனக்கே அந்தக் கேள்வி அன்று தோன்றவில்லை.

மொழிப் பாடமும் நல்ல தேர்வு. இங்கே நோயாளிகளோடு பேச ஸ்பானிஷ் எவ்வளவு உதவும் என்பது சொல்லாமலே விளங்கும். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழும் சொல்லித்தருகிறார்கள். வீட்டில் பேசத் தெரிந்து, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு இது அருமையான வாய்ப்பு.

ஈஸி ஏ விஷயத்துக்கு வருகிறேன். ஜிபிஏ முக்கியம், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் நேர்காணலில் நான் அறிவியல் அல்லாத ஒரு பாடத்தைத் தொட்டு, அதில் எது உங்களை யோசிக்க வைத்தது என்று கேட்பேன். சும்மா மார்க்குக்காக உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இரண்டாவது வாக்கியம் வராது. பிடித்துப் படித்தவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம். பிடித்த பாடத்தில் கிரேடும் பெரும்பாலும் தானாக வரும்.

மார்க் விழுவது பெரும்பாலும் எலெக்டிவால் அல்ல, ஒரே செமஸ்டரில் சுமை ஏற்றுவதால். ஆர்கானிக், இயற்பியல் இரண்டும் ஆய்வகத்தோடு ஓடும்போது, மூன்றாவதாக இன்னொரு ஆய்வகப் பாடம் வேண்டாம். அந்த இடத்தில் வாசிப்பும் கட்டுரையுமாக உள்ள ஒன்றை வையுங்கள். பதிவு செய்யும் முன் சிலபஸை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் டிராப் செய்யும் கெடுவுக்குள் மாற்றிவிடலாம். அப்போது டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) எதுவும் ஏறாது. அடி வாங்கிவிட்டு மறுபடி எடுத்தால் பழைய கிரேடு மறைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். எம்டி விண்ணப்பத்தில் இரண்டு கிரேடும் கணக்கில் வரும். பள்ளியில் எடுத்த ஏபி பாடங்களை, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவிலான பாடங்களைச் சில மருத்துவக் கல்லூரிகள் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்பதில்லை, அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று கேட்கும். இதையெல்லாம் ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் தளத்தில் கல்லூரி வாரியாகப் பார்க்கலாம். கட்டணம் உண்டு, கொடுக்கலாம்.

கடைசி வருடத்தில் விண்ணப்பம் போய்விட்டது என்று நிம்மதியாகி, பதிவு செய்த பாடங்களை இஷ்டத்துக்கு மாற்றும் பழக்கமும் இருக்கிறது. அந்த வருடம் என்னென்ன பாடம் எடுக்கப்போகிறோம் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதித்தான் கொடுத்திருப்பார்கள். இடம் கிடைப்பதும் மீதிக் கட்டாயப் பாடங்களை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். எதையாவது மாற்ற வேண்டி வந்தால், முதலில் அந்த மருத்துவக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு மாற்றச் சொல்லுங்கள்.