பழைய மின்னடுப்பின் நடுவே துருத்தி நிற்கும் பித்தான்

"நாற்பது வருஷமா நல்லா ஓடின அடுப்பு, புது ஆர்சிசிபி போட்டதிலிருந்து ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்கு. அதைக் கொஞ்சம் கழற்றிவிட முடியுமா?" பழைய மின்னடுப்புகளைப் பழுது பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வியை அண்மைக் காலத்தில் பலர் கேட்கிறார்கள். மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சிங்கப்பூர் வீடுகள் பலவற்றில் இல்லாமலே இருந்தது. 2023 ஜூலை 1 முதல் அது எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டு, பொருத்தாதவர்களுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசமும் அளிக்கப்பட்டது. அதுவரை கசிந்தும் யாருக்கும் தெரியாமல் இருந்த பழைய அடுப்புகள் இப்போது அகப்பட்டுக்கொள்கின்றன. கழற்ற வேண்டியது ஆர்சிசிபியை அன்று.

சிராங்கூன் கார்டனில் ஓர் அம்மையார் இப்படித்தான் அழைத்தார். வெளிநாட்டுக்குத் திரும்பிப்போன ஒரு குடும்பத்திடம் அவருடைய தந்தையார் வாங்கிய அடுப்பு அது. இரண்டு சுருள்களின் நடுவிலும் காசளவு உலோகப் பித்தான் ஒன்று ஸ்பிரிங்கின் மேல் துருத்திக்கொண்டு நின்றது. "பழுது பார்க்க வந்த ஒருவர் அது அலங்காரம் என்று சொல்லிவிட்டார்," என்றார் அவர். அடுப்பின் மூளையே அதுதான் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

பெரும்பாலான பழைய மின்னடுப்புகளில் இருப்பது சிம்மர்ஸ்டாட் என்னும் சாதாரணக் கட்டுப்பாடு. அது குமிழ் நிற்கும் எண்ணுக்கு ஏற்பச் சுருளுக்குச் சில நொடிகள் மின்சாரம் தந்து, சில நொடிகள் நிறுத்துமே தவிர, மேலே பாத்திரம் இருக்கிறதா, அதில் எண்ணெய் புகைகிறதா என்பது அதற்குத் தெரியாது. பித்தான் வைத்த அடுப்பு அப்படியன்று. பித்தான் பாத்திரத்தின் அடியைத் தொட்டு, அங்குள்ள வெப்பத்தைக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுக்குத் தெரிவிக்கிறது. ஒரு வகையில் பித்தானுக்குள் அடைத்த திரவம் சூட்டில் விரிந்து, தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் குழாய் வழியாகச் சென்று சுவிட்சைத் திறக்கும். இன்னொரு வகையில் சூடேறச் சூடேற மின்தடை கூடும் கம்பி ஒன்று குறைந்த வோல்ட்டில் அதே வேலையைச் செய்யும். எந்த வகை என்று உறுதி செய்யாமல் பழைய கடையில் கிடைத்த சிம்மர்ஸ்டாட்டை அங்கே பொருத்தினால், அடுப்பு வேலை செய்வதுபோலத் தோன்றும். ஆனால் அதற்குக் கண் போயிருக்கும்.

அந்த வீட்டில் பெரிய சுருளின் பித்தான் பல்லாண்டு வழிந்த எண்ணெயும் குழம்பும் கருகிப் பிடித்து எழும்பாமல் கிடந்தது. பாத்திரத்தைத் தொடாத பித்தான் உண்மையான சூட்டைக் காட்டிலும் குறைவாகவே உணரும். ஆகவே "இன்னும் சூடாகவில்லை" என்று எண்ணிச் சுருளை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். வடை பொரிக்க வைத்த எண்ணெய் தீப்பற்றுவதற்கு இது போதும். உருண்டை அடியுள்ள இருப்புச்சட்டியையோ குவாலியையோ வைத்தாலும் இதே நிலைதான். மண்சட்டி, சூட்டைப் பித்தானுக்குத் தாமதமாகக் கடத்துவதால் இதற்கு ஆகாது. அடி தட்டையான அலுமினியப் பாத்திரமும் தோசைக்கல்லும் இந்த அடுப்புக்கு ஏற்றவை. மீன்குழம்பை மண்சட்டியில் வைத்தே ஆகவேண்டும் என்போர் வேறு அடுப்பைத் தேடுவது நல்லது.

எதிர்த் திசையிலும் கோளாறு வரும். பித்தானைச் சுற்றி இருக்கும் சிறு தகடு, சுருளின் நேரடி அனல் பித்தானில் படாமல் தடுப்பதற்கானது. துடைக்கும்போது அது தொலைந்துவிட்டால் பித்தான் அனலில் ஏமாந்து முன்னதாகவே அணைத்துவிடும். பால் பொங்கவே பொங்காது. தகட்டைத் தேடுங்கள், சுருளை மாற்றாதீர்கள்.

திரவ வகையில் நான் மிகவும் அஞ்சுவது மெல்லிய குழாயின் விரிசலைத்தான். திரவம் கசிந்துபோனால் சுவிட்சைத் திறக்க அழுத்தம் இராது. பல பழைய அமைப்புகளில் சுருள் இடைவிடாது முழுச் சூட்டில் எரியும். பழுது பார்ப்பவர் அடுப்பின் மேல்தகட்டைத் தூக்கும் அவசரத்தில் இந்தக் குழாயை மடக்கி ஒடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒடிந்ததைப் பற்றவைத்து மீட்க முடியாது. பித்தான், குழாய், சுவிட்ச் மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்ற வேண்டும்.

இனி ட்ரிப் ஆகும் விஷயம். சுருள் என்பது ஒரு குழாய். அதன் நடுவில் நிக்ரோம் கம்பி, சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரின் ஈரப்பதமோ எல்லோரும் அறிந்தது. மாதக்கணக்கில் பயன்படுத்தாத அடுப்பில் இந்த ஈரமே வெளிக்குழாய்க்கும் கம்பிக்கும் இடையே மின்சாரத்துக்கு வழி திறந்துவிடுகிறது. வீட்டு ஆர்சிசிபி துண்டிக்கும் அளவு 30 மில்லி ஆம்பியர்.  சாதாரண மல்டிமீட்டரின் சிறு பேட்டரி இந்தக் கசிவைப் பெரும்பாலும் காட்டாது. 500 வோல்ட் செலுத்தி மின்காப்பை அளக்கும் மெகர் என்னும் கருவி வேண்டும். அந்த வீட்டின் சிறிய சுருளை மல்டிமீட்டர் நலம் என்றது, மெகரோ நலமில்லை என்றது. அதைக் கழற்றிக் குறைந்த சூட்டில் சில மணி நேரம் உலர்த்தியபின் மெகர் காட்டிய தடை ஏறியது, ட்ரிப்பும் நின்றது. உலர்த்தியும் ஏறவில்லை என்றால் சுருளை மாற்றத்தான் வேண்டும். ட்ரிப்பை நிறுத்துவதற்காக எர்த் வயரை வெட்டிவிட்ட அடுப்புகளையும் கண்டிருக்கிறேன். கசியும் அடுப்பில் எர்த் இல்லையென்றால் அந்த மின்சாரம் தொடுபவரின் உடல் வழியாகப் போகும்.

உள்ளே வயர் மாற்றும்போது வீட்டு வயரிங்குக்குரிய பிவிசி வயரைப் பயன்படுத்தக் கூடாது. அது 70 டிகிரி செல்சியஸுக்கானது. சுருளின் முனையில் உருகிவிடும். சிலிகான் அல்லது கண்ணாடியிழை உறையுள்ள வயர் வேண்டும். மிகப் பழைய அடுப்புகளில் வெள்ளைப் பஞ்சுபோல் சுற்றியிருப்பது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைச் சுரண்டவோ ஊதித் துடைக்கவோ வேண்டாம். தூசு நுரையீரலுக்குள் போனால் தங்கிவிடும்.

அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான அழகான பழைய அடுப்பை வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அடுப்புக்கு 240 வோல்ட்டும், அதிலிருந்தே பிரியும் 120 வோல்ட்டும் உண்டு. நம்மிடம் இருப்பது 230 வோல்ட் மட்டுமே. பெரிய சுருள்கள் சற்று மெதுவாக எரியும். 120 வோல்ட்டை நம்பியிருக்கும் விளக்கு, பித்தானுக்கு மின்சாரம் தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவை புகைந்துவிடும். தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தப்பித்தாலும், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கடிகாரம் நம் 50 ஹெர்ட்ஸில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். 13 ஆம்பியர் பிளக்கில் செருகவும் கூடாது. தனி மின்சுற்று வேண்டும், அதை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் அமைக்க வேண்டும்.

சிராங்கூன் கார்டன் அடுப்பின் சிறிய சுருளைத் தட்டையான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, வெப்பமானியால் சரிபார்த்துக் கொடுத்தேன். பெரிய சுருளின் பித்தானைச் சுத்தம் செய்தபோதுதான் அதன் குழாய் ஏற்கெனவே வெடித்திருந்தது தெரிந்தது. மாற்றுத் தொகுப்பு கிடைக்கவில்லை; ஆகவே அந்தச் சுருளின் மின்சாரத்தை நிரந்தரமாகத் துண்டித்து, குமிழையும் கழற்றிவிட்டேன். அடுத்த முறை போனபோது அம்மையார் அதன்மேல் அஞ்சறைப்பெட்டியை வைத்திருந்தார். பக்கத்துச் சுருள் எரியும்போது அதை எடுத்துவிடும்படி சொல்லிவிட்டு வந்தேன்.