மாய இயந்திரம் அல்ல, மெய்நிகர் பொறி

மட்டக்களப்பில் கணினி வகுப்புக் குறிப்புகளைப் புரட்டினால் 'வேர்ச்சுவல் மெஷின்' என்பதற்கு, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே இன்னொரு கணினிபோல ஓடுவதற்கு, 'மாய இயந்திரம்' என்று கண்ணில் படுகிறது. அண்மையில் பார்த்த ஒன்றில், அதன் திரையை அமைக்கும் பகுதிக்கு 'மாயக் காட்சி அமைப்பு' என்றே தலைப்புப் போட்டிருந்தார்கள். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

சொல்லின் கதை சுருக்கமானது. இலத்தீனில் 'விர்' என்றால் ஆண். அதிலிருந்து 'விர்த்தூஸ்', அதாவது வீரம், ஆற்றல். (நாம் சொல்லும் வீரமும் இந்த 'விர்' என்பதும் ஒரே பழைய வேரில் வந்தவை.) அதன் வழியில் வந்த ஆங்கில 'வேர்ச்சுவல்' என்பதற்குப் பிறகு 'பெயரளவில் அதுவல்ல, பயனளவில் அதுவே' என்ற பொருள் வந்தது. கணினிக்காரர் எடுத்துக்கொண்டது இதைத்தான். 1972இல் ஐபிஎம் வெளியிட்ட விஎம்/370 என்ற இயங்குதளம், ஒரே பெருங்கணினியை ஆளுக்கொரு தனிக்கணினியாகப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தது.

சரி, 'மாய' எங்கிருந்து வந்தது? பௌதிகவியல் பாடத்திலிருந்து. தளவாடியில் தெரிவது மாய விம்பம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அங்கே அந்தச் சொல் மிகப் பொருத்தம், ஏனென்றால் ஒளிக்கதிர்கள் அந்த இடத்தில் உண்மையில் சந்திப்பதில்லை, சந்திப்பதுபோலத் தோன்றுகின்றன, ஆகவே மாய விம்பத்தைத் திரையில் பிடிக்கவே முடியாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக மொழிபெயர்த்தவர் பழைய பாடப்புத்தகச் சொல்லைத் தூக்கி இங்கேயும் வைத்துவிட்டார். ஆனால் இங்கே பேச்சே திரையைப் பற்றியது!

இத்தகைய பொறிகளை உருவாக்கி ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளைத் திறந்து திரை அமைப்புக்குப் போய்ப் பாருங்கள், வீடியோ மெமரி எவ்வளவு என்று கேட்கும். 1920க்கு 1080 அளவுத் திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுப் படத்துக்கே ஏறத்தாழ 8 எம்பி வேண்டும், அது உங்கள் மேசைக் கணினியின் ரேமிலிருந்துதான் போகிறது. திரைக்குப் படம் அனுப்பும் பகுதியான கிராபிக்ஸ் கொன்ட்ரோலரை, உள்ளே ஓடுவது லினக்ஸ் என்றால் விஎம்எஸ்விஜிஏ என்றும் புதிய விண்டோஸ் என்றால் விபொக்ஸ்எஸ்விஜிஏ என்றும் வைப்பது வழக்கம். உள்ளே ஓடும் இயங்குதளம் அதை அசல் கிராபிக்ஸ் அட்டையாகவே எடுத்துக்கொண்டு அதற்குரிய டிரைவரைத் தேடும், வேர்ச்சுவல்பொக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை உள்ளே போடாவிட்டால் பெரும்பாலும் சன்னலை எவ்வளவு இழுத்தாலும் உள்ளே இருக்கும் திரை கூடவே பெரிதாகாது. இவ்வளவு கணக்கும் கண்டிப்பும் உள்ள ஒன்றை மாயம் என்பதா?

நம்முடைய பக்கத்தில் இன்னொரு கேடும் இருக்கிறது. இங்கே மாயம் என்றால் காணாமற்போனது. கடலுக்குப் போன படகு கரை திரும்பாவிட்டால் பத்திரிகை 'மீனவர் மாயம்' என்றுதான் போடும். அதே சொல்லைக் குறிப்பில் பார்க்கும் பிள்ளை, 'மாய இயந்திரத்துக்கு ஏன், சேர், ரேம் ஒதுக்க வேண்டும்?' என்று கேட்டால் அது பிள்ளையின் பிழை இல்லை, சொல்லைக் கொடுத்தவரின் பிழை.

மெய்நிகர் என்பதைப் பாருங்கள். மெய் என்றால் உண்மை, உடம்பும் அதுவே. நிகர் என்றால் ஒப்பு. தனக்கென்று உடம்பில்லாமல், உடம்புள்ள கணினிக்கு நிகராக வேலை செய்வது. ஆங்கிலச் சொல்லைவிடத் தெளிவாகவே இருக்கிறது, இரண்டு துண்டும் நல்ல தமிழ், மெய்நிகர் நினைவகம் என்று ஏற்கெனவே புழக்கத்திலும் உண்டு. இயந்திரமா பொறியா என்றால் எனக்குப் பொறிதான், எளிய பொறிகள் என்று பள்ளியிலேயே படித்த சொல். மெய்நிகர் கணினி என்பதும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிரல்களை ஓட்டுவதற்கென்றே உள்ள ஜாவாவின் மெய்நிகர் பொறியை முழுக் கணினி என்று சொல்ல முடியாதே.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பழக்கம்: பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்ப்பது. பொறியைச் சன்னல் எதுவும் திறக்காமல் பின்னணியில் ஓடவிட்டு, தேவைப்படும்போது தொலைவிலிருந்து திரையைக் காட்டும் விஎன்சி வழியாக இன்னொரு கணினியிலிருந்து அதன் திரையைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு அதே குறிப்பில் 'தலையற்ற இயக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். 'ஹெட்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தலை இருக்கட்டும், தமிழில் படிப்பவருக்கு அது என்னத்தைச் சொல்கிறது? திரையில்லா ஓட்டம் என்று எழுதினால் என்ன நடக்கிறதென்று உடனே விளங்கும். அடுத்த அச்சில் இந்த இரண்டையாவது திருத்துங்கள்.